பதினோராவது நடை

பேய் பிசாசு என்று யாராவது பேச்செடுத்தால் முதலில் எழுந்து போகிறவள் நான்தான், பயத்தில் இல்லை, எரிச்சலில். எங்கள் கம்பெனி பஸ்ஸில் பின்சீட்டுப் பெண்கள் ஒரகடம் ரோட்டில் வெள்ளையாய் ஒன்று நின்றது என்று ஆரம்பிப்பார்கள், "அது ஹாஸ்டல் பசங்க வேட்டி காயுது, தூங்குங்கடி" என்று சொல்லிவிட்டு நான் ஜன்னலில் சாய்ந்துகொள்வேன். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குத் தவறாமல் போகிறேன், சாமியை நம்புகிறேன், அதற்கு மேல் கண்ணுக்குத் தெரியாத எதையும் நம்பிப் பழக்கமில்லை. நான் சொல்லப்போவதைக் கேட்டுவிட்டு நீங்களும் என்னைத் தூங்கச் சொல்லலாம், சொல்லிக்கொள்ளுங்கள். ஆனால் முழுசாகக் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள், ஏனென்றால் இதில் ஜெயித்தது நான், அதற்கு ஆதாரம் தாலுகா ஆபீஸ் காகிதத்திலேயே இருக்கிறது.

முதலில் என் வேலையைச் சொல்லிவிடுகிறேன், அது தெரியாவிட்டால் மற்றது புரியாது. கார் விளக்குக்கு மேல்மூடி செய்கிற கம்பெனியில் நான் கடைசிச் சோதனையில் இருக்கிறேன். மூடிகள் பெல்ட்டில் வரிசையாக வரும், மேலே ஒரு கேமரா பார்த்துக்கொண்டிருக்கும், கீறலோ விரிசலோ இருந்தால் சிவப்பு விளக்கு எரியும். ஆனால் அந்தக் கேமராவை யார் நம்புவது? அதனால் ஒவ்வொரு ஷிப்ட் தொடக்கத்திலும் அதற்கு ஒரு பரீட்சை வைப்போம். கெட்டுப்போனது என்று நமக்கு முன்பே தெரிந்த பத்து மூடிகளைப் பெல்ட்டில் விடுவோம், அவற்றுக்கு என்.ஜி. பீஸ் என்று பெயர். பத்தையும் பிடித்தால் லைன் ஓடும். ஒன்பது பிடித்தால் லைன் நிற்கும். பதினொன்று என்று காட்டினாலும் லைன் நிற்கும், ஏனென்றால் இல்லாததை இருக்கிறது என்று சொல்கிற கேமராவும் பொய்சொல்லிதான். ஆனால் ஒரு விதி உண்டு. பதினொன்று காட்டினால், அந்தப் பதினோராவது படத்தைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் கேமராவைக் குறை சொல்ல வேண்டும். புதிதாய்ச் சேர்கிற பிள்ளைகளுக்கு இதை எத்தனை முறை சொல்லிக் கொடுத்திருப்பேன் என்று எனக்கே தெரியாது.

எங்கள் வீடு பிள்ளைப்பாக்கத்தில். என் வீட்டுக்காரர் இன்பராஜ் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கம்பெனி ஸ்டோர்ஸில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். அவர் பங்குக்கு வந்த மனையில்தான் கட்டியிருக்கிறோம். பள்ளமான இடம் என்று கட்டுவதற்கு முன்பு லாரி லாரியாய் மண் அடித்து மேடாக்கினோம், அப்போது கிழக்கு மூலையில் இருந்த சர்வே கல் மண்ணுக்குள் போய்விட்டது. அடையாளத்துக்கு இருந்த முருங்கை மரத்தையும் வெட்டியாகிவிட்டது. கல் இந்தப் பக்கம்தான் இருந்தது என்று கண்மதிப்பில் ஒரு கம்பி வேலி போட்டுவிட்டு அப்படியே இருந்துவிட்டோம், எங்கள் மேல்தான் தப்பு.

வேலிக்கு அந்தப் பக்கத்து இடத்தைத் தனசேகர் என்பவர் வாங்கினார். தெற்கே இருந்து வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு வாடகைக்கு விட மூன்று மாடி ரூம்கள் கட்டப்போகிறார். அவர் வந்த கொஞ்ச நாளில் ரோட்டோரமாக, எங்கள் கேட் தூணுக்கு ஒரு அடி தள்ளிப் புதுக் கல் ஒன்று முளைத்தது. இதுதான் எல்லை என்றார். அடுத்த வாரம் நான் நைட் ஷிப்ட் முடித்து வந்து இறங்கியபோது அதே கல் தூணை ஒட்டி நின்றது. அதற்கடுத்த வாரம் கேட்டுக்குள்ளேயே வந்துவிட்டது, கதவைத் திறந்தால் கல்லில் இடிக்கிறது. நானும் என் வீட்டுக்காரரும் மாறி மாறி ஷிப்ட் போகிறவர்கள், இருவரும் இல்லாத நேரம் எது என்று யாரோ கணக்காய்த் தெரிந்து வைத்திருக்கிறார்கள். கேட்டதற்குத் தனசேகர் சிரித்தபடியே சொன்னார்: "கல்லு நின்ன எடத்துலதான் நிக்குது மேடம். உங்க வூடுதான் தள்ளிக் கட்டிட்டீங்க."

அவர் சொல்கிற கோடு உண்மையானால் எங்கள் கேட்டும் தண்ணீர்த் தொட்டியும் அவர் இடத்தில் இருக்கிறது. அதுகூடப் பெரிதில்லை. அவருடைய மூன்று மாடிச் சுவர் என் படுக்கையறை ஜன்னலுக்கு ஒரு முழம் தள்ளி எழும்பிவிடும். நைட் ஷிப்ட் முடிந்து பகலில் தூங்குகிறவளுக்கு அந்த ஒரு ஜன்னல் காற்றுதான் உயிர். பத்து வருஷம் ஓ.டி. பார்த்துக் கட்டிய வீட்டில் காற்றில்லாமல் படுத்திருக்க வேண்டுமாம். அதற்குள் தனசேகரே அளந்துதரச் சொல்லி மனு போட்டுவிட்டார், அடுத்த வியாழக்கிழமை சர்வேயர் வருகிறார் என்று நோட்டீஸ் வந்தது. கல்லை நகர்த்துகிற ஆளை அதற்குள் பிடிக்க வேண்டும், அதற்கு வீட்டு வெளியில் ஒரு கேமரா வேண்டும் என்று முடிவு செய்தோம்.

படப்பையில் கேமரா கடை வைத்திருக்கிற முருகேசன் திருநெல்வேலிக்காரர். நாற்பது வயசிருக்கும், நிதானமான மனிதர். நான் கடையில் நுழைந்ததும் எத்தனை மெகாபிக்சல் என்று அவர் ஆரம்பித்தார், நான் கையைக் காட்டி நிறுத்திவிட்டேன். "எனக்கு நம்பர்லாம் வேணாம்ண்ணே. உங்ககிட்ட இருக்கிறதுல மூணை எங்க வீட்டுல கட்டுங்க. நான் டெஸ்ட் வச்சுப் பாத்துதான் வாங்குவேன்" என்றேன்.

"எக்கா, பொண்ணு பாக்கப் போனாக்கூட இவ்வளவு கேக்க மாட்டாவளே" என்றார். ஆனால் சனிக்கிழமை சாயங்காலம் மூன்று கேமராவையும் எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். வாசற்படிக்கு நேர் மேலே மாடிக் கைப்பிடிச் சுவரில் ஒரு குழாயைக் கட்டி, மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டினார். முதலாவது என் வீட்டுக்காரர் செல்லம், போனில் பேசினால் கேமரா வழியாக வெளியே கேட்கும். "திருடன் வந்தா உள்ளேருந்தே திட்டலாம்" என்று அதற்காகவே ஆசைப்பட்டார். இரண்டாவது சோலார், கரண்ட் போனாலும் கவலையில்லை. மூன்றாவது வயர் இழுத்து, வீட்டுக்குள் பெட்டி வைத்துப் பதிவு செய்கிற பழைய மாதிரி. பார்க்க நன்றாகவே இல்லை. "இதுல பேச்சு கீச்சு ஒண்ணும் கிடையாதுக்கா, ஸ்பீக்கரே கிடையாது. பாக்கும், அம்புட்டுதான்" என்று சொல்லிவிட்டு முருகேசன் கிளம்பிவிட்டார்.

என்.ஜி. பீஸ் வேண்டுமே, அதற்கு என் வீட்டுக்காரரைத் தவிர வேறு யார் இருக்கிறார்கள். பனியன், மடித்துக் கட்டிய லுங்கி, தலையில் துண்டு. கேட்டிலிருந்து வாசற்படி வரைக்கும் பத்து தடவை திருடனாக வர வேண்டும். ஒருதரம் சும்மா நடந்தார், ஒருதரம் ஓடினார், ஒருதரம் குடையோடு, ஒருதரம் அரிசிச் சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு, ஒருதரம் நான்கு காலில் தவழ்ந்து. தவழும்போதுதான் எதிர்வீட்டு கஸ்தூரி அக்கா வெளியே வந்தார். "இன்னா ஸ்டெல்லா, உங்க வூட்டுக்காருக்கு இன்னா ஆச்சு?" என்று கேட்டார். "ஒண்ணும் இல்லக்கா, அவரை டெஸ்ட் பண்றேன்" என்றேன். நம்பினால் நம்புங்கள், அமானுஷ்யம் என்று நான் சொல்கிற சமாச்சாரம் நடந்தது இந்தக் கூத்துக்கு நடுவில்தான். நடுராத்திரி இல்லை, நரி ஊளை இல்லை, பக்கத்து வீட்டு டி.வி.யில் சீரியல் பாட்டு கேட்டுக்கொண்டிருந்தது.

ஆறு நடை முடிந்ததும் அவருக்கு மூச்சு வாங்கியது. டீ போட்டேன். இருவரும் வாசற்படியில் உட்கார்ந்து குடித்தோம், நன்றாக இருட்டிக்கொண்டு வந்தது, அவர் தவழ்ந்த முழங்கையைத் தடவிக்கொண்டே என்னைத் திட்டினார், நான் சிரித்தேன். பத்து நிமிஷம் இருக்கும். அப்புறம் எழுந்து மிச்சம் நாலு நடையும் நடந்தார். இதை ஏன் இவ்வளவு விலாவாரியாகச் சொல்கிறேன் என்றால், அந்தப் பத்து நிமிஷமும் அவர் என் தோளுக்குப் பக்கத்தில் இருந்தார். இது சத்தியம்.

முடித்துவிட்டு எண்ணிப் பார்த்தேன். பேசுகிற கேமரா ஏழு. குடையையும் சாக்கையும் தவழ்ந்ததையும் ஆள் என்றே எடுத்துக்கொள்ளவில்லை. சோலார் சரியாகப் பத்து. மூன்றாவது பதினொன்று. எனக்கு யோசிக்க என்ன இருக்கிறது, பத்துக்குப் பத்து பாஸ், பதினொன்று ஃபெயில். மறுநாள் முருகேசனைக் கூப்பிட்டு, சோலாரில் புதுசு ஒன்று திங்கட்கிழமை கொண்டுவாருங்கள், மற்றதைக் கழற்றிக்கொண்டு போங்கள் என்று சொல்லிவிட்டேன்.

திங்கட்கிழமை காலையில் அவரே போன் செய்தார். "எக்கா, மூணாவது சாமான் பொய் சொல்லாதுக்கா. நான் நாலு வருசமா போடுதேன். பதினொண்ணு காட்டுச்சுன்னா பதினோரு தடவ ஆள் நடந்திருக்காவ. அந்த ஒண்ண தொறந்து பாத்தியளா?"

எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி ஆகிவிட்டது. லைனில் அத்தனை பேருக்கும் விதி சொல்கிறவள், என் வீட்டு விஷயத்தில் படத்தைத் திறக்காமலே கேமராவைத் தள்ளிவிட்டேன். வீட்டில் கிடந்த அந்தப் பழைய பெட்டியைச் சாயங்காலம் டி.வி.யில் சொருகி நானும் என் வீட்டுக்காரரும் உட்கார்ந்தோம். ஒன்றிலிருந்து ஆறு வரை அவர். ஏழாவதாக ஒன்று. நேரம் ஆறு நாற்பத்தேழு, நாங்கள் படியில் டீ குடித்துக்கொண்டிருந்த நேரம். எட்டிலிருந்து பதினொன்று வரை மறுபடி அவர். ஏழாவதைத் திறந்தேன்.

கறுப்பு வெள்ளைப் படம். வாசற்படிப் பக்கத்திலிருந்து ஒரு ஆண் முற்றத்துக்குள் வருகிறான். கவனியுங்கள், மற்ற பத்து நடையும் கேட்டிலிருந்து உள்ளே வந்தவை, இது வீட்டிலிருந்து வெளியே போகிறது. பெரிய கட்டம் போட்ட சட்டை. இடது காலைக் கொஞ்சம் இழுத்து இழுத்து வைக்கிறான். நேராக வேலியை நோக்கிப் போகிறான், வேலியில் நிற்கவில்லை. குனியவில்லை, தாண்டவில்லை. அங்கே கம்பியே இல்லாத மாதிரி அதற்குள் நடந்து அந்தப் பக்கம் போய்விட்டான், கம்பி அப்படியே ஆடாமல் இருக்கிறது. வேலிக்கு அப்பால் இரண்டு எட்டு வைத்து, தரையில் குனிந்து எதையோ தொடுகிறான். அப்புறம் திரும்பி, சரியாகக் கேமராவை நிமிர்ந்து பார்த்து, 'இரு, வரேன்' என்று சொல்கிற மாதிரி ஒரு கையைத் தூக்குகிறான். அதோடு படம் முடிந்துவிட்டது. முகம் மட்டும் வெளிச்சம் பட்டு வெளுத்துப்போய் இருந்தது.

"இது நான் இல்ல" என்றார் என் வீட்டுக்காரர். "நான் சட்டையே போடல ஸ்டெல்லா. எங்கிட்ட இந்த மாதிரி சட்டையும் கெடையாது."

"ஆனா தோளு உங்க தோளு மாதிரியே கீது" என்றேன். எனக்கு 'கீது' எல்லாம் வராது, பயத்தில் அவர் பேச்சு எனக்கு ஒட்டிக்கொண்டது. சோலார் கேமராவின் படத்தை அதே ஆறு நாற்பத்தேழுக்குப் போட்டுப் பார்த்தோம். காலி முற்றம். வேலி, தண்ணீர்த் தொட்டி, ஆள் இல்லை. ஒரே குழாயில் ஒரு சாண் தள்ளி இருந்த கேமரா அது.

அவர் ஜெபமாலையை எடுத்துக்கொண்டார். எனக்கும் பயம்தான், இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் கொஞ்ச நேரத்தில் எனக்குள் இருக்கிற இன்ஸ்பெக்டர் விழித்துக்கொண்டாள். இது யார் என்று எனக்குத் தெரியாது, எப்படி என்று தெரியாது, ஆனால் இந்த ஆள் வேலிக்கு அந்தப் பக்கம் எதையோ தொட்டுக் காட்டியிருக்கிறான். அது எந்த இடம் என்பது படத்தில் இருக்கிறது. அவரை எழுப்பி வேலி ஓரம் நிற்க வைத்தேன். டி.வி.யில் ஒரு பாதியில் அந்தப் படம், மறுபாதியில் நேரடிப் படம். "இடது பக்கம் வாங்க, இன்னும், போதும்" என்று உள்ளே இருந்து கத்தினேன். மூன்றாவது வேலிக் கல்தூணுக்கு நேராக, அந்தப் பக்கம் இரண்டு எட்டு. அதற்கு மேல் போக முடியாது, அது தனசேகர் இடம். நாங்களே வேலி போட்டு அவருக்கு என்று ஒதுக்கிவிட்ட இடம். மண்ணுக்குள் போன எங்கள் பழைய கல் அங்கேதான் கிடக்கிறது என்று எனக்குப் பட்டது.

வியாழக்கிழமை சர்வேயர் அம்மா வந்தார். குடை, சங்கிலி, கையில் வரைபடம், கூடத் தலையாரி. தனசேகர் இளநீர் வெட்டி வைத்திருந்தார், கடைக்கால் தோண்டக் கொத்தனாரையும் கடப்பாரையோடு அன்றைக்கே வரவழைத்திருந்தார். அவ்வளவு நிச்சயம் அவருக்கு. கேட்டுக்குள் நிற்கிற அந்தக் கல்லிலிருந்து அளக்கத் தொடங்கினார்கள். சங்கிலி என் தண்ணீர்த் தொட்டி மேல் ஏறிப் போனதும் நான் குறுக்கே போய் நின்றேன்.

"மேடம், அது பழைய கல் இல்லை. பழைய கல் மண்ணுக்குள்ள இருக்கு, நான் இடம் காட்டுறேன்" என்றேன்.

"எங்க?"

வேலிக்கு அந்தப் பக்கம் காட்டினேன். தனசேகர் வாய்விட்டுச் சிரித்தார். "மூணு அடி உள்ள வரவேண்டியது நானு. இவங்க இன்னாடான்னா என் எடத்துக்குள்ள வந்து தோண்டச் சொல்றாங்க. தோண்டுங்க மேடம், கெணறே தோண்டிக்கட்டும்."

அவர் வாயாலேயே சம்மதம் கொடுத்துவிட்டார், கொத்தனாரும் அவருடைய ஆளே. ஒரு அடி தோண்டினார், சரளை மண். ஒன்றரை அடி தோண்டினார், சரளை மண். "போதும்பா, மேல வா" என்றார் தனசேகர். என் வீட்டுக்காரர் என் முழங்கையைப் பிடித்துப் பின்னால் இழுத்தார், ஊர் சிரிக்கப் போகிறது என்று அவருக்குக் கவலை. நான் நகரவில்லை. "இன்னும் தோண்டுங்கண்ணே" என்றேன். கொத்தனார் கடப்பாரையை ஓங்கிப் போட்டார், டங்கென்று ஒரு சத்தம் வந்தது பாருங்கள், அந்தச் சத்தத்தை இப்போது நினைத்தாலும் எனக்கு உடம்பெல்லாம் சந்தோஷம் ஏறுகிறது.

மண்ணைத் தள்ளித் துடைத்தார்கள். கருங்கல், தலையில் உளியால் வெட்டிய அடையாளம், ஒரு ஓரத்தில் வெட்டிப்போட்ட முருங்கையின் வேர் இன்னும் கவ்வியிருந்தது. சர்வேயர் அம்மா குழிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். ஏரிக்கரைக் கல்லிலிருந்து ஒருதரம், கோயில் பக்கத்துக் கல்லிலிருந்து ஒருதரம் அளந்து பார்த்தார். இரண்டும் அந்தக் குழியில்தான் வந்து சேர்ந்தது. அளந்து முடித்துவிட்டுத் தனசேகரிடம், "சார், இவங்க உங்க இடத்துக்குள்ள வரல. நீங்களும் இவங்களும் இத்தனை நாள் இவங்க இடத்தையே உங்களுதுன்னு நினைச்சுட்டு இருந்திருக்கீங்க. வேலி அந்தப் பக்கம் போகணும்" என்றார்.

கேட்டீர்களா? என் கேட்டும் தொட்டியும் பிழைத்தது மட்டும் இல்லை, வேலி இரண்டு எட்டு வெளியே போனது. தனசேகர் பிளானை மாற்றி வரைந்தார், அவருடைய சுவர் என் ஜன்னலுக்கு நன்றாகத் தள்ளிப் போய்விட்டது. கேட்டுக்குள் நின்ற புதுக் கல்லை அன்று சாயங்காலமே அவர் ஆட்களே பிடுங்கிக்கொண்டு போனார்கள். அதை நகர்த்தியது யார் என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. கிளம்பும்போது சர்வேயர் அம்மா என்னிடம் தனியாக, "இடம் எப்படிம்மா அவ்வளவு கரெக்டா சொன்னீங்க?" என்று கேட்டார். "கேமராவுல பாத்தேன் மேடம்" என்றேன். அவர் சிரித்துவிட்டுக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார். அன்று நான் லீவு, மத்தியானம் அந்த ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு தூங்கினேன் பாருங்கள், ராணி மாதிரி தூங்கினேன்.

எந்தக் கேமரா வாங்கினேன் என்று கேட்க மாட்டீர்கள். முருகேசன் அட்டைப்பெட்டி பிரிக்காத புதுசு தருகிறேன் என்றார், வேண்டாம், எங்கள் வீட்டில் தொங்கியதே வேண்டும் என்று அடம்பிடித்து அதையே வாங்கினேன். அன்றிலிருந்து மாதம் ஒருதரம் அதற்குப் பத்து நடை பரீட்சை வைக்கிறேன். பத்துக்குப் பத்து. ஒன்று கூடியதும் இல்லை, குறைந்ததும் இல்லை.

இதோடு முடிந்திருந்தால் நானும் முன்னோர் வழிகாட்டினார்கள் என்றோ, மாதா காப்பாற்றினாள் என்றோ மற்றவர்கள் மாதிரி சொல்லிவிட்டுப் போயிருப்பேன். மழைக்காலத்தில் என் வீட்டுக்காரர் பஸ் படியில் வழுக்கி இடது முழங்காலை முறித்துக்கொண்டார். எலும்பு கூடிவிட்டது, ஆனால் நடக்கும்போது அந்தக் கால் கொஞ்சம் இழுக்கும். கிறிஸ்துமஸுக்கு என் தங்கை அவருக்கு ஒரு சட்டை எடுத்துக் கொடுத்தாள், பெரிய பெரிய கட்டம். இரண்டையும் நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், ஆனால் மனசு இரண்டையும் சேர்த்துப் பார்க்கவில்லை. அல்லது பார்க்கப் பயந்துகொண்டு தள்ளி வைத்ததோ என்னவோ.

தவக்காலத்தில் ஒரு சனிக்கிழமை சாயங்காலம். எல்லைக் கல்லைச் சுற்றிக் குட்டிச் சுவர் கட்டி, கல்லைத் தரைக்கு மேலே தெரிகிற மாதிரி தூக்கி நிறுத்தி, அன்று காலையில்தான் சுண்ணாம்பு அடித்திருந்தோம். காய்ந்துவிட்டதா என்று பார்க்க அந்தக் கட்டம் போட்ட சட்டையோடு, காலை இழுத்து இழுத்து அவர் போனார். வாசலில் இறங்கி, முற்றத்தைக் கடந்து, முன்பு வேலி இருந்த இடத்தில் இப்போது எதுவும் இல்லையே, அதைத் தாண்டி நேராக நடந்து, இரண்டு எட்டில் கல்லிடம் குனிந்து தொட்டுப் பார்த்தார். நான் டீ டம்ளரோடு படியில் நின்று, "ஏங்க, டீ ஆறுது" என்றேன். அவர் திரும்பி, என்னைப் பார்க்காமல் எனக்கு மேலே நிமிர்ந்து பார்த்து, ஒரு கையைத் தூக்கினார்.

டம்ளர் என் கையிலிருந்து விழுந்தது. ஆறு நாற்பத்தேழு. எனக்கு நேரம் பார்க்கக்கூடத் தேவை இருக்கவில்லை.

முருகேசன் பெட்டியை என் போனோடு இணைத்துக் கொடுத்திருக்கிறார், முற்றத்தில் ஆள் நடந்தால் போன் அடிக்கும். பூனை போனால்கூட சில சமயம் அடிக்கும். அன்று அடிக்கவில்லை. உள்ளே போய்ப் பெட்டியைத் திறந்து பார்த்தேன். ஆறு நாற்பத்தேழுக்கு முற்றம் தெரிகிறது, சுண்ணாம்பு அடித்த கல் வெள்ளையாய்த் தெரிகிறது, ஆள் இல்லை. என் கண்ணெதிரே நடந்த மனிதர் அதில் இல்லை. அன்றைக்கு ஒன்று அதிகம், இன்றைக்கு ஒன்று குறைவு. கணக்கு நேராகிவிட்டது, எங்கள் லைனாக இருந்தால் கையெழுத்துப் போட்டு ஓட விட்டிருப்பேன். உண்மையைச் சொன்னால் எனக்கு அப்போது பயத்தைவிடப் பெருமைதான் அதிகமாக வந்தது. என் கேமரா ஒரு நடையைக்கூடத் தவறவிடவில்லை, கொஞ்சம் முன்கூட்டியே பார்த்துவிட்டது, அவ்வளவுதான் என்று சொல்லிக்கொண்டேன்.

அப்படியே விட்டிருக்கலாம். எனக்கு எதையும் முழுசாகச் சோதித்துப் பார்க்காவிட்டால் ஆகாதே. ராத்திரி சாப்பிடும்போது அவரிடம் கேட்டேன், "நான் கீழே படியில நின்னுதானே கூப்பிட்டேன், நீங்க எதுக்கு நிமிர்ந்து மேலே பாத்தீங்க?"

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார், "இன்னாடி கேக்கற, நீ மேலேர்ந்துதான கூப்ட. டீ ஆறுதுன்னு கேமராப் பக்கத்துலேர்ந்து கேட்டுச்சே."

அந்தக் கேமராவில் ஸ்பீக்கர் கிடையாது. கழற்றிப் பார்க்கச் சொல்லி முருகேசனிடம் கொடுத்தேன், அவரும் கழற்றிக் காட்டிவிட்டார், உள்ளே எதுவும் இல்லை. மறுபடி அதே இடத்தில்தான் மாட்டியிருக்கிறேன், நல்ல கேமரா. ஆனால் இப்போதெல்லாம் அவர் முற்றத்தில் இருந்தால் நான் படியில் நின்று கூப்பிடுவதில்லை, என் குரல் அவருக்கு எங்கிருந்து கேட்குமோ தெரியாது. டீயைக் கையில் எடுத்துக்கொண்டு அவர் நிற்கிற இடத்துக்கே போய்க் கொடுத்துவிட்டு வருகிறேன்.